ஜிகினா மின்னல்

வானமே கண் சொக்கிக் கிடந்த ஒரு மத்தியானம், அறுந்து வந்த பட்டம் ஒன்றின் ஜிகினா வால் குட்டிமேகத்தின் கையில் சிக்கியது. அதை வெயிலில் பளிச் பளிச்சென்று வீசி, "டமார்! எல்லாரும் எரிஞ்சு போங்க!" என்று கத்திக்கொண்டே மிதந்து திரிந்தது.

தாய்மேகம் குனிந்து பார்த்தது. கீழே வயல் நடுவில் ஒற்றைப் பனைமரம். அதில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

"என்னங்க, அதை மொதல்ல பிடுங்குங்க. விளையாட்டுக்குக்கூட மின்னல் வேணாம்."

"வெறும் காகிதம்டி," என்றது தகப்பன்மேகம். "நாளைக்கு இடிக்கத் தெரியாம நின்னா வானமே சிரிக்கும்."

"இன்னைக்குக் காகிதம், நாளைக்கு?"

"நீ பொத்திப் பொத்தி வளர்த்துத்தான் புள்ள பஞ்சா கிடக்கு!"

"யாரைப் பஞ்சுங்கிறீங்க?"

பேசப் பேச இரண்டும் கறுத்தன. கறுக்கக் கறுக்க நெருங்கின. தாய்மேகம் முகத்துக்கு நேராகப் போய் ஒரு வார்த்தை சொன்னது. தகப்பன்மேகம் பதிலுக்கு ஒன்று சொன்னது. அடுத்த நொடி மோதிக்கொண்டன.

வானம் வெள்ளையாகி அணைந்தது. சத்தம் ஓய்ந்தபோது பனைக்குத் தலை இல்லை, கூடுகளும் இல்லை. ஒரு குருவி மட்டும் புகையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

தாய்மேகம் மெல்லத் திரும்பியது. குட்டிமேகம் ஜிகினா வாலைப் பதவிசாகச் சுருட்டி அதன் மடியில் வைத்தது.

"என்னோடதை நீ வாங்கி வெச்சுக்கோம்மா," என்றது. "உங்க ரெண்டு பேரோடதை யாரு வாங்கி வெப்பாங்க?"