மிளகுக்கு ஓய்வு

பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்குவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது பயிற்சியாளரின் எண்ணம். அது உண்மையும்கூட. அதனால், கால்நடை டாக்டரம்மா கூப்பிட்டனுப்பியதும் தான் பழக்கிய மிளகு என்ற நாயை நடத்திக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தியே போனார்.

“போன வாரம் பஞ்சு வச்சு எச்சில் எடுத்தோமே, ரிசல்ட் வந்திருச்சு. மன அழுத்தம் எக்கச்சக்கமா இருக்கு” என்றார் டாக்டரம்மா.

“வேலையில ஒரு குறையும் இல்லையே?”

“அதனாலதான் யாருக்கும் தெரியல. உங்க அனுபவத்துல என்ன செய்யலாம், சொல்லுங்க.”

கேட்க வேண்டுமா? மடை திறந்துகொண்டது.

“நாளையிலேர்ந்து பத்து நாள் லீவு. பயிற்சி மைதானத்துப் பக்கமே வரக் கூடாது. இஷ்டத்துக்குத் தூங்கணும். பிரியமானவங்க கூடவே இருக்கணும். வேலைக்குப் போயே தீருவேன்னு முரண்டு பிடிச்சாலும் விடாதீங்க. பாவம், வாயில்லா ஜீவன்! முடியலன்னு அதுவா சொல்லுமா?”

“சொல்லாதுதான்” என்று சிரித்தார் டாக்டரம்மா. “மிளகு ஜம்முனு இருக்கு. வார் பிடிக்கிறவர் பதற்றம் நாய்க்கு இறங்குதான்னு பாக்க, உங்க எச்சிலையும் எடுத்தோமே? நான் சொன்ன ரிசல்ட் உங்களோடது.”

பயிற்சியாளர் குனிந்து மிளகைப் பார்த்தார்.

“பத்து நாள்னு நீங்களே சொல்லிட்டீங்க. உங்க வீட்டுக்காரம்மாவை வரச் சொல்லியிருந்தேன். வெளியில நிக்கிறாங்க.”

மிளகு எழுந்தது. அவர் கற்றுக்கொடுத்தபடியே, எங்கும் இடிக்காமல், நிதானமாக அவரை வாசலுக்கு அழைத்துப்போனது.