காகிதம் தின்ற முதுகுப்பை

அன்று மலையடிவாரக் கடையில் இருந்தவர்கள் மூவர்: எழுபது லிட்டர் பெரும்பை, இருபது லிட்டர் சிறுபை, இரண்டுக்கும் நடுவே தொங்கிய நாற்பது லிட்டர் நடுப்பை. கடைக்காரர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். பனிமலையை ஒருமுறையேனும் ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்பது நடுப்பையின் மூன்றாண்டு ஏக்கம்.

“பட்டினி கிடந்தவன்போல் வயிறு ஒட்டித் தொங்குகிறாயே தம்பி, உன்னை யார் பனிக்குக் கூட்டிப்போவார்?” என்று பெரும்பை நகைத்தது.

“நடு அண்ணன் கிடக்கிறார், விடுங்கள் பெரியண்ணே! கயிறும் பனிக்கோடரியும் கம்பளிச் சட்டையும் உங்களுக்குள் அடங்காதா என்ன?” என்றது சிறுபை.

நடுப்பைக்கு மனம் ஆறவில்லை. பைகள் தொய்யாதிருக்கக் கடைக்காரர் திணிக்கும் பழைய செய்தித்தாள்கள் அருகில் குவிந்து கிடந்தன. அத்தனையையும் அள்ளி விழுங்கி, தையல் தெறிக்கும் அளவுக்கு உப்பி நின்றது.

அப்போது மலையேறும் பெண்ணொருத்தி உள்ளே வந்தாள். “இரண்டு நாள் ஏற்றம்தான். பெரியதும் ஆகாது, சிறியதும் ஆகாது,” என்று முணுமுணுத்தபடி பைகளை நோக்கினாள்.

அதைக் கேட்டதும் நடுப்பை தாள்களைத் துப்பப் பார்த்தது; அவை தொண்டையில் இறுகிப்போயிருந்தன. அவள் கண்ணுக்கு அங்கே இரண்டு பெரிய பைகளும் ஒரு சிறிய பையுமே தெரிந்தன. எதையும் வாங்காமல் வெளியேறினாள்.