மைனா தேடிய மரம்

தனியாகக் குஞ்சுகளை வளர்த்து அலுத்துப்போன மைனா, புருஷனின் சொந்தக்காரர்கள் இருக்கும் தோப்புக்கே குடிபோக ஒருவழியாகச் சம்மதித்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டது.

"நம்ம பிள்ளைங்க அழுதா உங்க அக்காவுக்குக் கேட்கணும். உங்க அக்கா பேசுறது எனக்குக் கேட்கக் கூடாது. அப்படி ஒரு மரம் பாருங்க."

"நீயும் வந்து பாரேன்," என்றது ஆண் மைனா.

நாத்தனாரைக் கூட்டுக்கு வரவழைத்துக் குஞ்சுகளை ஒப்படைத்துவிட்டு, இரண்டும் பகல் முழுக்கத் தோப்பைச் சுற்றின. நடுவில் அத்திப்பழம் தின்றன. குளத்தில் ஆற அமரக் குளித்தன.

பொழுது சாயத் திரும்பினால், குஞ்சுகள் வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தன.

"என்ன கூடு இது? ஒரு குச்சியாவது நேரா இருக்கா?" என்று ஆரம்பித்தது நாத்தனார்.

மைனாவின் காதில் அது விழவே இல்லை.

"மரம் இன்னும் அமையலை அண்ணி," என்று குழைந்தது. "நாளைக்கும் கொஞ்சம் வந்துடுறீங்களா?"