வாய் திறக்காத சாட்சி

காலையில் கதவை எட்டி உதைத்துக்கொண்டு டிரைவர் உள்ளே வந்தான். மூன்று வருடம் சிறையில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் ஜாமீனில் வந்திருந்தான். லாரி ஷெட் முதலாளியை அவன் இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றதைப் பார்த்த ஒரே ஆள், கட்டிலில் படுத்திருந்த மெக்கானிக்.

"இன்னைக்கு மத்தியானம் கோர்ட்ல என்னைக் காட்டிக் கொடுக்கப் போறியாமே அண்ணே?"

எழ முயன்றவரின் விலாவில் உதை விழுந்தது. டிரைவர் அவர் மேல் ஏறி, இரண்டு கைகளையும் முழங்கால்களால் அழுத்திக்கொண்டான்.

"மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, விட்டுடறேன்."

அவர் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

"அவ்வளவு திமிரா?"

தலையணையை அவர் முகத்தில் வைத்து முழுப் பலத்தோடு அழுத்தினான். கால்கள் உதறி அடங்கின. அதற்குப் பிறகும் ஐந்து நிமிடம் அழுத்திவிட்டுத்தான் எழுந்தான்.

மத்தியானம் கோர்ட்டில் சாட்சியைக் கூப்பிட்டார்கள். மெக்கானிக் நடந்து வந்தார்.

"மூச்சு நின்னப்புறம்தானே விட்டேன்!" என்று டிரைவர் அலறினான். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

மெக்கானிக் சட்டைக் காலரைத் திறந்து, கழுத்திலிருந்த ஓட்டையைக் கட்டைவிரலால் மூடினார். கரகரத்த குரல் வந்தது.

"கேன்சர்னு குரல்வளையை எடுத்துட்டாங்க தம்பி. ரெண்டு வருஷமா இது வழியாத்தான் மூச்சு. நீ போற வரைக்கும் செத்த மாதிரி கிடந்தேன். உள்ளே ஒரு வால்வு இருக்கு, விரலால மூடினாத்தான் பேச்சு வரும். நீ ரெண்டு கையையும் அமுக்கிக்கிட்டு என்னைப் பேசச் சொன்னே."