இன்னும் சூடா இருக்கு

"லேத்தை நிறுத்து!"

பவுதேலியோ வாத்தியார் போட்ட சத்தத்தில் பட்டறையே திரும்பிப் பார்த்தது.

யரேலி திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். ராத்திரி முழுக்க ஒயர் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை. விடிந்ததும் அதே சட்டையோடு செய்முறைத் தேர்வுக்கு வந்துவிட்டாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தது, பாவம்.

"என்ன சார் தப்பு?"

வாத்தியார் அவள் கடைந்த இரும்புத் தண்டைக் கழற்றினார்.

"சூடா இருக்கு. சூட்டோட அளந்தா அளவு தப்பாக் காட்டும். அளக்குற ரூம்ல வச்சு ஆறவிடு. நான் கூப்பிடுற வரைக்கும் நீயும் அங்கேயே உட்காரு."

"சார், இன்னொரு தண்டு கடையணும். இதுல பெயிலானா டெக்னீஷியன் வேலை கிடைக்காது. காலம்பூரா ஒயர்தான் கட்டணும்."

"போன்னா போ."

வாதாடத் தெம்பில்லை அவளுக்கு. போனாள்.

எர்மோசியோ நகரத்து வெயிலில் தகரக் கூரை கொதித்தது. ஃபேன் அனலைத்தான் வீசியது. ஒவ்வொருவராக இரண்டாவது தண்டையும் முடித்துவிட்டார்கள். யரேலியின் லேத் மட்டும் சும்மா நின்றது.

"என் தண்டு பத்து நிமிஷத்துல ஆறிடுச்சு. அவளுது மட்டும் என்ன, எரிமலையிலயா செஞ்சது?" என்றான் பக்கத்து லேத்து நெரேயோ.

"சும்மா இருடா. அவர் வாயில விழணுமா?" என்றான் கூட்டாளி.

"அளக்குற ரூம் கல் மேஜையில முழங்கை வச்சதுக்கு என்னை ஒரு வாரம் பட்டறை கூட்ட வச்ச மனுஷன்டா. கை பட்டாலே அளவு கெட்டுடுமாம்! இன்னைக்கு அந்தப் பொண்ணு மாட்டிக்கிச்சு. நான் கேட்கத்தான் போறேன்."

விறுவிறுவென்று போனான்.

அளக்கும் அறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றார் வாத்தியார். அவர் எப்போதும் போட்டிருக்கும் கோட்டு உடம்பில் இல்லை.

"சார், இது அநியாயம்! அவளுக்கு மட்டும்..."

"மெதுவாப் பேசுடா." உதட்டில் விரலை வைத்தார்.

கண்ணாடி வழியே நெரேயோ எட்டிப் பார்த்தான்.

ஏசி குளிரில், யாரும் தொடக்கூடாத அந்தக் கல் மேஜை. அதன்மேல் மடித்து வைத்த வாத்தியாரின் கோட்டு. கோட்டின்மேல் யரேலியின் தலை. வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"லேத் ஓடும்போதே கண்ணு சொக்கிடுச்சு அவளுக்கு. விரலே போயிருக்கும்." வாத்தியாரின் குரலும் களைத்திருந்தது. "தூங்கினதா எழுதினா பெயில். ஆனா தண்டு ஆறுற நேரத்தைப் பரீட்சைக் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு விதி இருக்கு. எவ்வளவு நேரம் ஆறலாம்னு விதியில இல்ல."

ஏசி அறையிலிருந்து எடுத்து வந்திருந்த யரேலியின் தண்டை நெரேயோவின் உள்ளங்கையில் வைத்தார்.

"நீயே சொல்லு. ஆறிடுச்சா?"

ஐஸ் கட்டி மாதிரி சில்லென்றிருந்தது.

நெரேயோ கையை உதறினான்.

"ஐயோ, சுடுது சார்!"