சாம்பலுக்கு ஓர் அளவு

கிழக்கு மலையில் சிங்கம் ஒரு பெரிய வெடியை வெடித்துப் பார்த்தது. மறுவாரமே மேற்கு மலையில் புலி அதைவிடப் பெரிதாக ஒன்றை வெடித்தது. இரண்டின் சாம்பலும் நடுப்பள்ளத்தாக்கின் புல்லில் வந்து விழுந்தது.

அங்கே ஒரு வெள்ளாடு அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. இந்தப் புல்லைத் தின்றுவிட்டுக் குட்டிக்குப் பால் கொடுக்கலாமா என்று கேட்க, இரு மலைகளின் ஆலோசகர்களும் கூடியிருந்த பாறைக்கு அது போனது.

"எங்கள் சாம்பல் சுத்தமானது. கெடுதல் எல்லாம் புலியின் சாம்பலில்தான்" என்று சிங்கத்தின் ஆலோசகரான ஆந்தை பேசிக்கொண்டிருந்தது.

"அடேயப்பா! அப்படியானால் நெற்றியில் பூசிக்கொள்ளுங்களேன்" என்றது புலியின் ஆலோசகரான கொக்கு.

மாலைவரை இப்படியே போனது. பிறகு பசி வந்தது, பசியோடு ஒத்துழைப்பும் வந்தது. புலியின் சாம்பலால் ஆபத்தில்லை என்று ஆந்தை எழுதிக் கொடுத்தது. சிங்கத்தின் சாம்பலால் ஆபத்தில்லை என்று கொக்கு எழுதிக் கொடுத்தது. இரண்டும் கட்டித் தழுவிக்கொண்டன.

"ஐயா, என் குட்டி?" என்றது ஆடு.

"பாதுகாப்பான அளவைத் தாண்டாதவரை பயமே இல்லையம்மா" என்றது ஆந்தை.

"அது எவ்வளவுங்க ஐயா?"

கொக்கு தொண்டையைச் செருமிக்கொண்டது. "நீ வழக்கம்போலப் பால் கொடு. மாதம் ஒருமுறை குட்டியைக் கொண்டுவந்து காட்டு. அது எப்படி வளர்கிறது என்று பார்த்துத்தான் அந்த அளவை எழுத வேண்டும்."



"கவலைப்படாதே" என்று ஆந்தை தேற்றியது. "குட்டிக்கு என்ன ஆனாலும் அந்த விவரத்தை இனி இரண்டு மலைகளும் பகிர்ந்துகொள்ளும்."