பேக்கரியில் பதிந்த அமைதி

வானொலிப் பயிற்சிக்கு ஒரே ஓர் இடம். அது வித்தியாவுக்குத்தான் என்று நினைக்கும்போதெல்லாம் பிரணவனுக்கு வயிறு எரிந்தது.

அவர்களைப் போன்ற இதழியல் மாணவர்கள் பேட்டி முடிந்ததும் அந்த இடத்தின் அமைதியையும் ஒரு நிமிடம் பதிவார்கள்; பிறகு ஒலியை வெட்டி ஒட்ட உதவும். வித்தியா லவால் நகரில் ஒரு பேக்கரியில் பதிந்த அமைதியைக்கூடப் பேராசிரியர் புகழ்ந்துவிட்டார்.

"சும்மா இருந்ததுக்கும் பாராட்டோ?" என்றான் பிரணவன்.

"நீயே கேட்டுப் பாரன்," என்று ஹெட்போனை நீட்டினாள்.

அமைதிக்குள் அவனுடைய அம்மா அழுதழுது கதைத்துக்கொண்டிருந்தார்: "ஓம் வித்தியா, உம்மை முந்தவேணுமெண்டுதான் என்ரை பிள்ளை அண்டைக்கு அந்தப் பனிக்குள்ள கார் எடுத்தவன்."

அம்மா அந்தப் பேக்கரிக்குப் போனதேயில்லை. பிரணவன் கார் வாங்க இருந்ததே அடுத்த கிழமைதான்.

பயம் பேந்துதான் வந்தது. முதலில் வந்தது, தன் சாவைப் பற்றிய இந்தப் பேட்டியும் இவளுக்கே கிடைத்துவிட்டதே என்ற எரிச்சல்.